ஐந்து ஆடுகளும் ஒரு மூட்டை ரொட்டியும்

வெள்ளைச் சாக்கு, நடுவில் இரண்டு பச்சைக் கோடு. மைதா வந்த சாக்காக இருக்க வேண்டும். மேச்சேரிக்குச் சற்று முன்னால் சாலை பிரியும் இடத்தில் இருக்கிற பேக்கரியில், ஒரு காலை எட்டரை மணிக்கு, நான் டீ கிளாசும் கையுமாக நின்றிருந்தபோது கடைக்காரர் அதைப் பின்கட்டிலிருந்து இழுத்து வந்தார். வேனில் தூக்கிப் போடத் தம் பிடித்தார். அடித்தையல் விட்டுப் போனது. உறை பிரிக்காத ரொட்டிகள், பன்கள், பாதி உடைந்த தேங்காய் பன்கள், எல்லாம் தார் ரோட்டில் சரிந்தன. அவர் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தை முடிவதற்குள் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று அவற்றின் மேல் ஏறிப் போனது. உறைகள் வெடித்த சத்தம் பட்டாசுச் சரம் மாதிரி இருந்தது. சக்கரம் போன தடத்தில் வெள்ளையாக ஒரு கூழ் மட்டும் மிச்சம்.

"என்னங்கண்ணா இது?" என்றேன்.

"ரிட்டனுங்க. விக்காம திரும்பி வந்தது. பன்னிப் பண்ணைக்குப் போவுது. ஏனுங்க, ஒங்களுக்கு வேணுங்களா?" கேலியாகத்தான் கேட்டார்.

"வேணுங்க" என்றேன்.

அந்த நொடியில்தான் யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் கால் தரையில் நிற்காது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ரோட்டில் தப்பித்த ரொட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். ரொட்டி எங்கே பிறந்தது, எப்படி நம் ஊருக்கு வந்தது, ஏன் இப்படி டயருக்கு அடியில் சாகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் என்ன? இந்தச் சாக்கையே பாடப் புத்தகமாக வைத்து நடத்தினால் என்ன? வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் நான்கு வாரத்துக்கான பாடத்தை மண்டைக்குள் எழுதி முடித்திருந்தேன்.

நான் பள்ளிபாளையத்துக்காரி. வீட்டில் எட்டு விசைத்தறி. தறிச் சத்தம் நின்றால்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விழிப்பு வரும். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பிஸ்கட் கம்பெனியில் ஆறு மாதம் மாவின் ஈரப்பதம் பார்த்து அலுத்துப்போய், ஒரு சின்ன அறக்கட்டளையில் சேர்ந்தேன். ஓமலூரில் அறை. கிராமத்துப் பள்ளிகளுக்கு வாரம் இரண்டு நாள் போய், சாப்பாட்டை வீணாக்காமல் இருப்பது பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலை. இருபத்து நான்கு வயதில் உலகத்தைத் திருத்த இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. அப்படி நான் திருத்தப் போன ஒரு பள்ளியில், ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மாவைத் தெரிந்துகொண்டேன். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆட்டுக்கார அக்கா. எனக்கும் அக்காதான். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரை எழுத வேண்டுமானால் நான் செய்ததை முதலில் எழுதியாக வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்த வகுப்பு தூங்கும். பத்தொன்பது பிள்ளைகள், பத்தொன்பது கொட்டாவிகள். கோதுமை எங்கே விளைந்தது, பிசைந்து வைத்த மாவு எப்படித் தானாகப் புளித்துப் பொங்கியது, அதைக் கண்டுபிடித்தவர்கள் எத்தனை ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் என்றெல்லாம் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னபோது ஒரு பயல் வாயில் ஈ போனது தெரியாமல் தூங்கினான். பிறகு தற்செயலாக ஒரு விஷயத்தைச் சொன்னேன். அந்தக் காலத்தில் சில ஊர்களில் எடை குறைத்து விற்ற ரொட்டிக்காரனின் காதை அவன் கடைக் கதவிலேயே ஆணி அடித்து வைப்பார்களாம் என்றேன். வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஆணியிங்களா டீச்சர்? நெசமாவா? ரத்தம் வந்துச்சுங்களா?"

அன்று கற்றுக்கொண்டேன், ரத்தம் வந்தால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று. அதற்குப் பிறகு என் ரொட்டி வரலாறு முழுக்க ரத்தம். மாவு கிடைக்காமல் பேக்கரிக் கதவை உடைத்த கூட்டங்கள், ரொட்டி விலை ஏறியதால் தெருவில் இறங்கிய பெண்கள், கப்பலில் பூஞ்சை பிடித்த ரொட்டிக்காகக் கத்தியை எடுத்த மாலுமிகள், முற்றுகையிட்ட கோட்டைக்குள் மரத்தூளைக் கலந்து சுட்டுத் தின்றவர்கள். நம் ஊருக்குள் ரொட்டி வந்ததே துப்பாக்கி தூக்கியவர்களின் பின்னால்தான் என்றேன். பிறகு அது ஆஸ்பத்திரிக்குள் போய்க் காய்ச்சல்காரன் சாப்பாடாக மாறிய கதையையும் சொன்னேன். அது மட்டும் அவர்களுக்கு ருசிக்கவில்லை. "அடுத்து எங்கீங்க சண்டை?" என்று கேட்டார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டவள் அக்காவின் மகள். மற்றவர்கள் ஆணியை ஞாபகம் வைத்தார்கள். அவள் பாடத்தை ஞாபகம் வைத்தாள். வீணான ரொட்டியை என்ன செய்யலாம் என்று நான் கேட்கும்போதெல்லாம் முதலில் கை தூக்குவாள். என் வார்த்தை எதையும் கீழே விடாத பிள்ளை. என்னைப் போன்ற ஆளிடம் அப்படி ஒரு பிள்ளை அகப்பட்டிருக்கக் கூடாது.

ஜன்னல் திட்டில் ஒரு ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தேன். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். ஐந்தாவது நாளில் அது நுரைத்து மூடியைத் தள்ளியது. பிள்ளைகளின் பெற்றோரை வரச்சொல்லி ஒரு சின்னக் கண்காட்சி வைத்தபோதுதான் அக்கா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கடலைக்காட்டுச் செம்மண் ஒட்டிய கால்கள். பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க டீச்சர், பள்ளிக்கூடத்துல கள்ளு எறக்கறீங்களா? எங்கூட்டுக்காரரு ரிக்கு வண்டியில இருந்து எறங்குனா இந்த வாசந்தானுங்க வரும்."

அவர் கணவர் போர் போடும் ரிக்கு வண்டியோடு வடக்கே போயிருந்தார். வருடத்தில் பத்து மாதம் அங்கேதான். இங்கே அக்கா, மகள், எட்டு மேச்சேரி ஆடுகள். அந்த எட்டும்தான் வீடு என்று அக்கா சொல்லுவார். சும்மா வாய்வார்த்தை இல்லை. மகளின் காதணியிலிருந்து கூரை ஓடு வரைக்கும் ஏதோ ஒரு குட்டியின் பெயரைச் சொல்லி அது வந்த கதையைச் சொல்லுவார்.

"இப்படிப் புளிச்சா ஒடம்புக்கு நல்லதுங்களா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லதுங்க. பாதி செரிச்ச மாதிரி. வயித்துக்கு வேலையே இல்லை" என்றேன்.

பக்கத்தில் அவர் மகள் நின்றிருந்தாள். நான் சொன்னதை உதடு அசையாமல் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அந்தப் பச்சைக் கோட்டுச் சாக்கு பள்ளிக்கு வந்தது. பேக்கரிக்காரர் நான் கேட்டபடி ஒரு மூட்டை ரிட்டனைக் கொடுத்திருந்தார். உறைகளைப் பிரித்து, பூஞ்சை பிடித்ததை ஒதுக்கிவிட்டு, காய்ந்ததை வெயிலில் ரஸ்க் போலக் காயவைத்தோம், தூளாக்கினோம், வெல்லமும் தேங்காயும் போட்டு உருண்டை பிடித்தோம். அப்படியும் பாதி மூட்டை மீதம். நான் மேசை மேல் ஏறாத குறையாக நின்றுகொண்டு, "ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போகக் கூடாது. மனுசன் தின்ன முடியாததை ஆட்டுக்கு, மாட்டுக்கு, கோழிக்குக் கொடுங்க. வீணாக்குறதுதான் பெரிய பாவம்" என்றேன்.

அக்காவின் மகள் கை தூக்கினாள். "எங்கூட்டுல எட்டு ஆடு இருக்குதுங்க டீச்சர்."

அந்த அரை மூட்டையைக் கிழிந்த அடியை முடிச்சுப் போட்டு, என் ஸ்கூட்டரில் வைத்து, அவளையும் பின்னால் உட்காரவைத்து, அவள் வீட்டு வாசலில் நானே இறக்கினேன். அக்கா கடலை பிடுங்கப் போயிருந்தார். வண்டியைத் திருப்பும்போது நான் பாடிக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மகள். பேசவில்லை, விக்கினாள். "ஆடெல்லாம் தண்ணியடிச்ச மாதிரி ஆடுதுங்க டீச்சர். வாங்க." பளார் என்று ஓர் அறை விழும் சத்தம் கேட்டது. போன் கீழே விழுந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டுப் பட்டியின் படல் திறந்து கிடந்தது. மகள் படலோரம் முட்டிபோட்டுக் கிடந்தாள். அவள் கன்னத்தில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. முதுகில் பாவாடைச் சட்டை கிழிந்து, தோல் வரிவரியாகச் சிவந்திருந்தது. அக்காவின் கையில் புளிய விளார். அவர் அவளை அடிப்பதும் ஓடிப்போய் ஓர் ஆட்டைத் தூக்கி நிறுத்துவதும் திரும்பி வந்து அடிப்பதுமாக இருந்தார். நான் நடுவில் போய் நின்றேன். விளார் என் முழங்கைக்குக் கீழே விழுந்தது. சுளீர் என்றது. அக்கா நிறுத்தவில்லை. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோதுதான் அடிப்பது யாரை என்று அவருக்குத் தெரிந்தது.

"வந்துட்டீங்களா?" என்றார். "பாருங்க. நல்லாப் பாருங்க."

எட்டு ஆடுகள். செம்பழுப்பு நிறம், பளபளவென்று ஒட்டிய முடி. ஒவ்வொன்றுக்கும் இடது விலா ஓரம் பானை மாதிரி உப்பியிருந்தது. இரண்டு படுத்த வாக்கில் காலை உதைத்துக்கொண்டிருந்தன. ஒன்று சுவரில் தலையை முட்டி முட்டி நின்றது. எல்லாம் பற்களை அரைத்தன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்லும் கல்லும் உரசுகிற சத்தம்.

நடந்தது எனக்கு அங்கேயே புரிந்தது. ஆடுகளுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றும் தொட்டியில் அடியில் வெள்ளையாக ஒரு சேறு ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளை ரொட்டியைச் சும்மா போட்டிருக்கவில்லை. வெள்ளி மாலை மொத்தத்தையும் பிய்த்துத் தொட்டியில் ஊறப்போட்டு, நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்த புளித்த மாவைச் சிறு டப்பாவிலிருந்து எடுத்துக் கலக்கியிருக்கிறாள். புளித்த கழனித்தண்ணீருக்கு ஆடுகள் முண்டியடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். புளித்தது பாதி செரித்தது என்பது நான் சொல்லித் தெரியும். இரண்டையும் சேர்த்தாள். சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போனபிறகு தொட்டியைக் காட்டினாள். ஆடுகள் அடியை நக்கும்வரை குடித்தன. கெட்டிக்காரப் பிள்ளைதான் இந்தத் தவறைச் செய்ய முடியும்.

கால்நடை டாக்டர் மேட்டூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் இருந்தார். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் போனில். "மாவுப்பண்டத்தை மொத்தமாத் தின்னா வயித்துக்குள்ள அமிலம் ஆயிரும்மா. ஆப்ப சோடாவைத் தண்ணில கரைச்சு, கடைவாய்ப் பக்கமா மெதுவா ஊத்துங்க. குடிக்கத் தண்ணி காட்டாதீங்க. நிக்கிறதை நடக்க விடுங்க." நான் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடையில் இருந்த சோடாப் பொட்டலம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அக்கா ஆட்டின் தாடையைப் பிடித்துத் திறக்க, நான் பாட்டிலில் ஊற்றினேன். மகள் அழுதுகொண்டே நிற்கிற ஆடுகளைக் கயிறு கட்டி நடத்தினாள். எட்டில் ஒன்று செனையாடு, அதற்கு முதலில் ஊற்றினோம். அக்காதான் அதற்கு முதலில் என்றார். அப்புறம் இன்னும் இரண்டு. நான்காவதற்குப் போனபோது அது கண்ணைச் செருகிவிட்டது.

அக்கா எழுந்து கூரைக்குள் செருகியிருந்த கத்தியை எடுத்தார். ஒரு முழத்துக்கு இருக்கும். உப்பிய விலாவில் விரலால் ஓர் இடத்தை அழுத்திப் பார்த்து, சட்டென்று குத்தினார். புஸ் என்று காற்று பீறிட்டது. கூடவே வெள்ளை நுரை. அந்த வாசம் எங்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது.

பள்ளிக்கூட ஜன்னலில் இருந்த பாட்டிலின் வாசம். கொஞ்சம்கூட மாறாமல் அதே வாசம்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. குத்திய ஆடு கழுத்தை நீட்டி ஒருமுறை உதறியது. அது பிழைக்காது என்பது எனக்கே தெரிந்தது.

"உசுரு போறதுக்குள்ள அறுத்தாக் கறி. போயிருச்சுன்னாப் பொணம்" என்றார் அக்கா. கத்தியைச் சேலையில் துடைத்தார். நான் பின்னால் நகர்ந்தேன்.

அதுவரை என்னிடம் ஒரு வார்த்தைகூட மரியாதை குறைத்துப் பேசாத மனுசி அவர். விளாரை ஓங்கும்போதுகூட 'பாருங்க' என்றவர்.

"எங்க போற? நீதான சொன்ன, வீணாக்கக் கூடாதுன்னு. புடி காலை."

பிடித்தேன். பின்னங்கால் இரண்டையும் இரண்டு கையால் பிடித்து, முட்டியால் இடுப்பை அமுக்கி. அக்கா தாடையை மேலே தூக்கி ஒரே இழுப்பாக இழுத்தார். கழுத்து திறக்கும்போது வருவது சத்தம் இல்லை, மூச்சு. ரத்தம் சூடாக என் பாதத்தில் அடித்துச் செருப்புக்கும் காலுக்கும் நடுவே இறங்கியது. கையில் பிடித்த கால் துடித்து, துடித்து, பிறகு கயிறு மாதிரி ஆனது. "அடுத்தது" என்றார். சோடா ஊற்றாத மற்ற நான்கும் அதற்குள் சாய்ந்து கண்ணைச் செருகியிருந்தன. அடுத்ததைப் பிடித்தேன். மூன்றாவதில் என் கை வழுக்கி, ஆடு உதைத்து, என் உதடு கிழிந்தது. என் வாயில் என் ரத்தமும் முகத்தில் அதன் ரத்தமும். நான்கு. ஐந்து. ஆறாவது பக்கம் அக்கா திரும்பியபோது அது செனையாட்டோடு சேர்ந்து, தள்ளாடிக்கொண்டுதான், ஆனால் நான்கு காலில் நின்றது. அக்கா அதன் நெற்றியைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். கத்தியைத் தரையில் ஊன்றி, அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கத்தியும் கையுமாக அவர் அழுத அழுகை ஊருக்கே கேட்டிருக்கும்.

வகுப்பில் எத்தனை கோட்டைகள், எத்தனை கூட்டங்கள், எத்தனை கத்திகள் என்று எவ்வளவு சுவையாகச் சொன்னேன். காதில் ஆணி அடித்த கதையைச் சொல்லும்போது கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தி, பிள்ளைகள் மூச்சுப் பிடிக்கும்வரை காத்திருப்பேன். அந்த நிறுத்தத்தை நினைத்தால் இப்போது கன்னம் கூசுகிறது. ரொட்டிக்காகச் சிந்திய ரத்தத்தில் ஒரு சொட்டின் சூடுகூட எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு நன்றாகச் சொல்ல முடிந்தது.

டாக்டர் வந்தார். மூன்று ஆட்டுக்கும் ஊசி போட்டார். அறுத்ததைச் சோதித்துவிட்டு, கறியை எடுத்துக்கொள்ளலாம், குடலையும் வயிற்றையும் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும் என்றார். ஊர்க்காரர்கள் பாத்திரத்தோடு வந்து பங்கு வாங்கிப் போனார்கள். வேப்பமரத்தடியில் நான் குழி தோண்டினேன். ஐந்து வயிறுகளையும் நானே தூக்கிப் போட்டேன். ஒன்று விழுந்த வேகத்தில் கிழிந்தது. உள்ளே ரொட்டி, இன்னும் வெள்ளையாக, துண்டு துண்டாக. டிப்பர் சக்கரம் போன ரோடு நினைவுக்கு வந்தது.

புறப்படப் போனேன். அக்கா விடவில்லை. "தின்னுட்டுப் போ" என்றார். கொதிக்கக் கொதிக்கச் சோறும் குழம்பும் போட்டார். எனக்கு ஒரு தட்டு, மகளுக்கு ஒரு தட்டு. தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தட்டைத் தொடவில்லை. நான் தின்றேன். கிழிந்த உதட்டில் மிளகாய் எரிய எரிய, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். வேறு என்ன செய்வது? என் பாடம் அது.

மறுநாள் பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர்தான், பயந்த மனிதர். "உங்க பேரு வெளிய வந்தா பள்ளிக்கூடத்துப் பேரும் சேர்ந்து வரும்மா. ஆட்டுக்குத் தீனி கொடுத்தது அந்தப் புள்ள. அதோட விடுங்க. பேசாம பாடத்தைப் பாருங்க" என்றார். நான் பேசாமல் பாடத்தைப் பார்த்தேன். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். ரொட்டியை விட்டுவிட்டு முருங்கைக்கீரைக்குப் போனேன். இவ்வளவு பேசுகிற நான், நாள் முழுக்கப் பேசுகிற நான், பேச வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைப் பேசவில்லை.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவளுக்குப் பெயர் வைத்தார்கள். ஆட்டுக்கொல்லி. அவள் வகுப்புக்குள் வந்தால் பின் பெஞ்சு மே, மே என்று கத்தியது. நான் அதட்டினேன். அதட்டினால் நிற்குமா? என் எதிரே நின்றது, முதுகுக்குப் பின்னால் தொடர்ந்தது. இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டு வரிசையில், கத்திய பையன் ஒருவனின் முகத்தில் அவள் தன் தட்டின் விளிம்பால் அடித்தாள். புருவம் பிளந்தது. அவன் கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்ததை அவள் நின்று பார்த்தாள். ஓடவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு தட்டைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, வாசலைக் கடந்து போனாள். அதற்கப்புறம் வரவில்லை. ஒரு வாரம். இரண்டு வாரம். மூன்று வாரம்.

போன வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பட்டியில் மூன்று ஆடுகள். செனையாட்டின் வயிறு இறங்கியிருந்தது, இப்போதோ அப்போதோ என்றிருந்தது. மகள் அதற்கு வேப்பந்தழை காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். அக்கா வந்தார். பழையபடி 'ங்க' போட்டுத்தான் பேசினார். அதுதான் அதிகம் உறுத்தியது. ஆட்டுக்கு ஈடு கட்டுகிறேன் என்று நான் ஆரம்பித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அதை உடுங்க. போனது போச்சு. எம்புள்ள ஏன் பள்ளிக்கூடம் போமாட்டேங்கறா? கேட்டா வாயத் தொறக்கமாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். பெயரை, கத்தலை, தட்டை, எல்லாவற்றையும்.

"ஏனுங்க, நாந்தான் குடுக்கச் சொன்னேன்னு நீங்க சொல்லலீங்களா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"ஒரு வார்த்தைகூடவா?"

அவர் கை எழும் என்று நினைத்தேன். எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழங்கையில் அந்த விளார் வடு அதற்குள் வெளுத்துவிட்டிருந்தது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அக்கா என்னை அடிக்கவில்லை. சத்தம் இல்லாமல் சொன்னார்.

"நான் ஆட்டை அறுத்தேன். ஒரே இழுப்பு. நீங்க எம்புள்ளயத் தெனமும் கொஞ்சங் கொஞ்சமா அறுக்கறீங்க."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

நான் வண்டியைக் கிளப்பும்போது உள்ளே போய் ஒரு பொருளைக் கொண்டுவந்தார். அந்தச் சாக்கு. துவைத்து மடித்திருந்தார். கிழிந்த அடியைச் சணல் போட்டு, ஆட்டுக் கயிறு திரிப்பதைப் போல நெருக்கி நெருக்கித் தைத்திருந்தார். ஒரு மூலையில் பழுப்பாக ஒரு கறை மட்டும் போகவில்லை. "உங்களுதுங்க" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "திங்கக்கெழமை நான் வாரேனுங்க. வந்து வேலியோரம் நிக்கறேன். நீங்க சொல்லுங்க. அவங்க காதுல உழுகற மாதிரி சொல்லுங்க. அப்பறம் ரொட்டிப் பாடத்த நிறுத்தாதீங்க. ஒரு ஆட்டுக்கு எம்புட்டுக் குடுக்கலாம், எப்புடிக் குடுக்கலாம்னு அவங்களுக்கும் தெரியட்டும். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்றேன்" என்றார். ஆட்டுக்குப் பின்னாலிருந்து சின்னக் குரல் வந்தது. "நீங்க சொன்னதுக்கப்பறம் உள்ள வாரேன். அதுவரைக்கும் கேட்டுக்கு வெளியதான் நிப்பேன்."

"ஆத்தாளுக்கு மேல இருக்கறா" என்றார் அக்கா. அன்று அவர் முகத்தில் வந்த ஒரே சிரிப்பு அதுதான். அதுவும் என்னைப் பார்த்து இல்லை.

நாளை திங்கள். இறைவணக்கத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கீரை பற்றிப் பேசப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு சரி என்றார். வேலை போகலாம். அறக்கட்டளையில் விளக்கம் கேட்கலாம். புருவம் கிழிந்த பையனின் அப்பா வந்து சத்தம் போடலாம். இரண்டு நாளாக என்ன சொல்வது என்று எழுதி எழுதிக் கிழித்தேன். வரலாற்றிலிருந்து தொடங்கினேன், விஞ்ஞானத்திலிருந்து தொடங்கினேன். எல்லாமே நீளமாக, அழகாக, நிறுத்தங்களோடு வந்தன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

பேக்கரிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்கு ஒரே ஒரு ரிட்டன் ரொட்டி வாங்கிக்கொண்டு அதே பிரிவுச் சாலை வழியாகப் போவேன். ஐந்தாம் வகுப்பு மேசையில் அந்தச் சாக்கை விரிப்பேன், கறை இருக்கிற மூலை பிள்ளைகள் பக்கம் இருக்கும்படி. அதன்மேல் ரொட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கோல், ஒரு பொட்டலம் ஆப்ப சோடா. எவ்வளவு என்பதை அக்கா காட்டுவார். அது பிறகு. அதற்கு முன்னால் மைதானத்தில், எல்லா வகுப்பும் வரிசையில் நிற்கும்போது, வேலியோரம் அக்காவும் கேட்டுக்கு வெளியே பையோடு அவர் மகளும் நிற்கும்போது, ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். இருமுறை குரல் உடைந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தது.

அந்த ரொட்டியை ஆடுகளுக்குக் கொடுக்கச் சொன்னது நான்.